மூணு ஜாடி வெளிச்சம்

பாய்,

நாலு நாளாகத் தொண்டை கட்டி என் பேச்சு நின்று போயிருக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. இன்று காலை கொப்பளிக்கலாம் என்று அடுப்பில் தண்ணீர் வைத்து, கல் உப்பு போட்டுவிட்டு நின்றேன். ஆவி எழுந்ததும் அந்த வாசனை வந்தது. உப்புக்கு ஏது வாசனை என்று கேட்பார்கள். சூடான உப்புத் தண்ணீருக்கு உண்டு என்பது உனக்கும் எனக்கும் தெரியும். அடுப்பை அணைத்துவிட்டு, கொப்பளிக்காமலே வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எட்டாவது ஃபெயிலானவன் எழுதுகிற கடிதம். பிழை இருந்தால் நீ எப்போதும் போலச் சிரித்துக்கொள்.

எண்பதுகளில் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நம் மைக் செட் கடை. ஆர்டர் பிடிப்பது நான், பிடித்த ஆர்டர் ஒழுங்காக எரிவதற்குக் காரணம் நீ. எந்த ஊர்க் கல்யாணத்துக்குப் போனாலும் சீரியல் பல்பு மினுக் மினுக்கென்று ஓட வேண்டும், அதுதான் கவுரவம். பாட்டு ஒரு பக்கம் போகும், பல்பு ஒரு பக்கம் ஓடும். உனக்கு அது ஆகாது. "பாட்டு இன்னா பஸ்ஸப் புடிக்கவா ஓடுது? மெதுவா ஏறுது, மெதுவா எறங்குது. வெளிச்சமும் அதுங்கூடவே வரணும் மச்சான்" என்றாய் ஒருநாள், டீயை ஆற விட்டுவிட்டு. எனக்கு டீ வீணாகிறதே என்றுதான் இருந்தது.

நாடகக்காரர்கள் விளக்கை மங்க வைக்க உப்புத் தண்ணீர் ஜாடி வைப்பதை எங்கேயோ பார்த்துவிட்டு வந்தாய். பஜாரில் மூன்று பீங்கான் ஊறுகாய் ஜாடி வாங்கினோம். ஜாடி அடியில் ஒரு தகடு, மேலே நைலான் நூலில் தொங்குகிற இன்னொரு தகடு, நடுவே உப்புத் தண்ணீர். கரண்ட் அந்தத் தண்ணீர் வழியாகத்தான் பல்புக்குப் போக வேண்டும். நூலைத் தளர்த்தி மேல்தகட்டை இறக்கினால் பல்பு மெல்ல மெல்லப் பழுக்கும். இழுத்தால் அப்படியே வாடும். சிவப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. மூன்று நூலையும் மூன்று விரலில் மாட்டிக்கொண்டு, கேசட்டில் நாதஸ்வரம் போட்டுவிட்டு நீ உட்கார்ந்தால், முன்னால் இரட்டையாய் மடித்துக் கட்டிய என் கல்யாண வேட்டியில் நிறம் மூச்சு விடும்.

அதோடு விட்டாயா? நிறத்துக்கும் நிறத்துக்கும் நடுவே கோடு தெரிகிறது என்று ஆறு மாதம் என் உயிரை வாங்கினாய். பல்புக்கு முன்னால் எண்ணெய் தடவிய காகிதம் வைத்தாய். வேட்டியை ஒரு முழம் தள்ளிக் கட்டினாய், பிறகு இன்னொரு முழம். கடைசியில் உப்பில் வந்து நின்றாய். அரை ஸ்பூன் குறைந்தால் பல்பு எழுந்திருக்கவே மாட்டேன் என்றது, அரை ஸ்பூன் கூடினால் துள்ளி எழுந்தது. ஜாடிக்கு ஒரு அளவு என்று சிகரெட் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினாய். இதெல்லாம் பைத்தியக்கார வேலை என்று நான் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய்.

முதன்முதலில் மேல்சித்தாமூர்க் கல்யாணத்தில் வைத்தோம். பெண்ணின் தாய்மாமன் வந்து, "இன்னாப்பா, லோ வோல்டேஜா?" என்று கேட்டார். எனக்கு மானமே போனது. ஆனால் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் கை காய்ந்ததுகூடத் தெரியாமல் அந்த வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். திண்டிவனம் ரோட்டில் புதிதாக சினிமா கொட்டகை கட்டிக்கொண்டிருந்தவர். அப்போதெல்லாம் படம் தொடங்கும் முன் இசையோடு திரைச்சீலை மேலே ஏறும், அதன்மேல் கலர் லைட் அடிப்பார்கள். அந்த வேலைக்கு உன்னையே நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைக்கு வந்து இன்னொரு தரம் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகப் பேச்சு.

உனக்கு அது வெறும் வேலை இல்லை. உன் அத்தா கெடு வைத்திருந்தார். கொட்டகை அமையாவிட்டால் பெங்களூரில் அண்ணனுடைய பட்டறைக்குப் போய் மோட்டாருக்குக் கம்பி சுற்ற வேண்டும். "போனா திரும்ப மாட்டேன் மச்சான்" என்றாய். அன்றைக்கு நீ சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜாடிகளில் அளந்து உப்புப் போட்டு, ஸ்பூனைத் துடைத்து வைத்துவிட்டுத் தொழுகைக்குக் கிளம்பினாய். வாசல்படியில் நின்று, ஜாடிப் பக்கம் போய்விடாதே என்று எனக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போனாய். கடையில் வேறு யாரும் இல்லை.

என் காதில் அந்தத் தாய்மாமனுடைய லோ வோல்டேஜ். பெரிய மனுஷர் வருகிறார், வெளிச்சம் மங்கலாய் இருந்தால் என்ன நினைப்பார்? உப்பு கூடினால் வெளிச்சம் கூடும், அவ்வளவுதானே. உனக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்தேன். என்னால் ஒன்று நடந்தது என்றும் இருக்கட்டும் என்று நினைத்தேன். இதை இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். உப்புப் பொட்டலத்தைப் பிரித்து அள்ளிப் போட்டுக் கலக்கிவிட்டேன்.

நீ வரும்போது அவரும் வந்துவிட்டார். பார்த்துச் சரிசெய்ய நேரமில்லை. ஷட்டரை இறக்கினோம். நீ குஷியில் இருந்தாய். "சிவப்பு எங்க முடியுது, மஞ்சள் எங்க ஆரம்பிக்குதுன்னு நீங்க வெரல் வெச்சுக் காட்டிட்டா, இந்தத் தொழில உட்டுடறேன் சார்" என்றாய். அவரும் ரசித்துச் சிரித்தார்.

நாதஸ்வரம் எடுத்தது. நீ விரலை அசைத்தாய். சிவப்பு அறைந்தாற்போல எரிந்தது. பதறி இழுத்தாய், தகடு தண்ணீரை விட்டதும் பொறி பறந்து அணைந்தது. மஞ்சளும் அப்படியே, நீலமும் அப்படியே. பாட்டு தவழ்ந்துகொண்டிருக்க, வேட்டியில் யாரோ ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைத்தது போலிருந்தது. உன் நெற்றி வேர்வை எனக்கு அந்த வெளிச்சத்தில் தெரிந்தது. அவர் எழுந்து போய், வேட்டியில் ஒரு விரலை வைத்தார். "இதோ, இங்கதான் முடியுது தம்பி" என்றார். கேலியாகக்கூடச் சொல்லவில்லை. ஏதோ வருத்தமாகவே சொல்லிவிட்டுப் போனார்.

நீ பிளக்கைப் பிடுங்கினாய். சிவப்பு ஜாடியில் விரலை விட்டு நாக்கில் வைத்தாய். "மச்சான், ஜாடியத் தொட்டியா?" என்று கேட்டாய். குரலில் கோபமே இல்லை. அடிக்க வந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

"நான் இன்னாத்துக்குத் தொடப் போறேன்?" என்றேன். அதோடாவது நிறுத்தினேனா? இந்த வாய் இருக்கிறதே. "இன்னா பாய், ருசி பாக்கற? பிரியாணிக்கா?" என்றேன்.

நீ சிரித்தாய். "சரி, அப்போ என் அளவுதான் தப்பு" என்று சொல்லி, சுவரில் இருந்த சிகரெட் அட்டையைக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டாய். அடுத்த வாரம் பெங்களூர் பஸ்ஸில் உன் பெட்டியை மேலே ஏற்றியவன் நான்தான். அப்போதும் ஏதோ ஜோக் அடித்தேன். என்ன ஜோக் என்று இப்போது ஞாபகமில்லை.

ஆறு மாதம் தினம் உப்பு அளந்தவன் நீ. உன் நாக்குக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நீ கேட்டது தெரிந்துகொள்வதற்காக இல்லை, நான் சொல்வதற்காக. இது எனக்குப் புரிய எத்தனை வருஷம் ஆனது என்று கேட்காதே. போன வருஷம் பஜாரில் உன் தம்பியைப் பார்த்தேன். நீ இறந்துபோய் மூன்று மாதமாயிற்று என்றான். கடைசிவரை பட்டறைதானா என்று கேட்டேன். ஆமாம், வீட்டில் பாட்டுக் கேட்கும்போது விரலை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பார் என்றான். நான் பழம் வாங்கப் போகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நேற்று என் பெண் அவளுடைய போனில் பாட்டு வைத்திருந்தாள். போன் கண்ணாடியில் நிறம் தானாகவே ஏறி, தானாகவே இறங்கி, ஒன்றில் ஒன்று கரைந்துகொண்டிருந்தது. யாரோ கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்ததாம். நான் அதில் விரலை வைத்து ஓரம் தேடினேன். கிடைக்கவில்லை. "இன்னா நைனா தேடற?" என்று கேட்டாள். தூசு என்றேன். பார், தொண்டை கட்டினாலும் இந்தப் பொய்க்கு மட்டும் குரல் வந்துவிடுகிறது.

மூன்றில் ஒரு ஜாடி என்னிடம் இருக்கிறது. அதில் ஊறுகாய் போட நான் விட்டதில்லை. ஏன் என்று வீட்டில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள்.

கூடுதலாக இருக்கிறது என்று உன் நாக்கு சொல்லியிருக்கும். எவ்வளவு என்று சொல்லியிருக்காது. நீ அளவில் கறாரானவன், அதனால் எழுதிவிடுகிறேன். சிவப்பு ஜாடியில் ரெண்டு கை. மஞ்சளில் ஒரு கை. நீலத்தில் ஒரு கை.