இடக்கையில் ஆட்டுக்குட்டி

அன்புள்ள புருல்,

ஆடு மாடுகளும் அம்மாவும் பிள்ளைகளும் சுகமா? நானும் சுகம்தான், கோபத்தைத் தவிர.

பிஷ்கெக் நகரத்தில் நான் பைக்கில் பார்சல் கொண்டுபோகும் கடையின் முதலாளி மக்சாத், நேற்று எல்லார் முன்னாலும் கத்தினான். "கிளட்ச் பிடிக்காம கியர் மாத்துறியே, இது என்ன உங்க அப்பன் வண்டியா?"

"எங்க மலையில இடக்கையில ஆட்டுக்குட்டிய அணைச்சுக்கிட்டுதான் வண்டி ஓட்டுவோம். ஆக்ஸிலேட்டரை ஒரு நொடி விட்டா கியர் தானா விழும்," என்றேன்.

"இங்க எங்கடா ஆட்டுக்குட்டி?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அந்த வாயை உடைத்திருப்பேன். பழக்கதோஷம் என்றே அவன் நினைக்கட்டும் என்று அடுத்த பார்சலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். உண்மை தெரிந்தால் அன்றைக்கே வேறு ஆளை வைத்துவிடுவான்.

இங்கே குளிர் வந்துவிட்டது. நீ பின்னிய கையுறையை அனுப்பு. வலக்கைக்கு மட்டும் போதும். போன வாரம் அவனுடைய வண்டிச் சங்கிலியில் சிக்கி இடக்கையில் இரண்டு விரல் நசுங்கிவிட்டது. கட்டுக்கு மேல் கையுறை நுழையாது; அவன் கண்ணில் படாமல் கோட்டுக் கையை இழுத்துவிட்டு மறைத்துக்கொள்கிறேன். நின்ற வண்டியைக் கிளப்பும்போது மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கிளட்சைப் பிடிக்கிறேன்.

அம்மாவிடம் சொல்லாதே. மக்சாத் கத்துகிறான், போகிறேன்.

உன்
கால்முராத்