அம்மன் படம் போட்ட தூண்

செவ்வாய்க்கிழமை, இரவு

இதை யார் எடுத்தாலும் தயவுசெய்து அப்பாவிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள்.

எங்கள் வீட்டை ஒட்டி நிற்கும் குடிநீர்த் தொட்டியை இடிப்பதா, பூசிச் சரிசெய்வதா என்று பார்க்க இன்று காரைக்குடியிலிருந்து இன்ஜினியர் வந்தார். ஒவ்வொரு தூணாகச் சுத்தியலால் தட்டிக் கேட்டார். தட்டியவை எல்லாம் கணீரென்றன. கடைசித் தூணில் அம்மன் படம் இருந்தது. அங்கே யாரும் சிறுநீர் கழிக்கக் கூடாதென்று அப்பா வரைந்தது. இன்ஜினியர் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார். தட்டவில்லை.

"ஆத்தாவையே அடிக்கச் சொல்றீகளா?" என்று சிரித்தார்.

"அவ தாங்குவா சார். பூசினாப் போதும்," என்றார் அப்பா. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதுதான் அவர் வேலை. இடித்தால் அது போய்விடும்.

சாயங்காலம் அந்தத் தூணை நான் கல்லால் தட்டினேன். பொத்தென்றது. உள்ளே மணல் சரசரவென்று வெகுநேரம் இறங்கியது, யாரோ நகர்ந்து உட்கார்வதைப் போல. அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"வெளிய சொன்னே, அவ்வளவுதான் பாத்துக்க," என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது.

இப்போது தொட்டி நிறைகிற சத்தம் கேட்கிறது. சாய்ந்தால் எங்கள் கூரைமேல்தான் விழும். காலையில் காரைக்குடிக்கு பஸ் ஏறி இன்ஜினியரிடம் சொல்லத்தான் போகிறேன்.

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா என்றால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இது பொத், பொத் என்று, அந்தத் தூண் மாதிரியே