முட்டைக்குள் தெரிந்த நாமம்

ஸ்ரீரங்கம், கீழச்சித்திரை வீதி
ஈசுவர வருஷம் ஐப்பசி 10

சிரஞ்சீவி அழகியமணவாளனுக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். ரங்கநாதன் கிருபையில் இங்கே எல்லோரும் க்ஷேமம், உன் அப்பாவின் கோபமும் க்ஷேமம். எடின்பரோ குளிரில் நீயும் உன் முட்டைகளும் சௌக்கியமா என்று எழுது.

படத்தை முதலில் அனுப்பிவிட்டு, அது இன்னது என்று சொல்லும் கடிதத்தை அடுத்த கப்பலில் அனுப்பும் புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது? குழலைப் பிரித்தால் சிவப்பாக ஒரு வளைவு, நடுவே வெளுப்பாக ஒரு கோடு. பிள்ளை சீமையிலிருந்து திருமண் வரைந்து அனுப்பியிருக்கிறான் என்று உன் அப்பா பூரித்துப்போனார். வெள்ளையும் சிவப்பும் இடம் மாறியிருப்பது சீமை வழக்கம் என்று சமாதானமும் அவரே சொல்லிக்கொண்டார். பெருமாள் பக்கத்தில் மாட்டி, துளசியும் சாற்றியாயிற்று. மூன்றாம் நாள் வேதாந்தம் சித்தப்பா வந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, இதில் கீழே பாதம் இல்லையே, இது வடகலை நாமமல்லவா என்றார். அவ்வளவுதான், தென்கலைக் குடும்பத்துப் பிள்ளை கலை மாறிவிட்டான் என்று வீடு இழவு வீடாகிவிட்டது. காஞ்சிபுரத்து வடகலைக்காரர் யாரோ உனக்குப் பெண் கொடுக்கப்போகிறார் என்று சித்தப்பா துப்புக்கூடத் துலக்கிவிட்டார்.

அப்புறம் உன் கடிதம் வந்தது. படிக்கிற இடத்தில் நீ முட்டையை உடைத்து, உள்ளே கரு வளர்வதைப் பார்த்து வரைந்த படமாம் அது. ஒரு நாளுக்குச் சற்று மேல் அடைகாத்த முட்டையில், கருவின் உடம்புக்கு வெளியே லாடம் மாதிரி வளைந்து திட்டுத் திட்டாக ரத்தம் பிறக்குமாம். திட்டின் வெளிப்புறம் குழாயாகி, உள்ளே இருப்பது ரத்தமாகி, திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்த பிறகுதான் இதயம் அதை ஓடவிடுமாம். எனக்குப் புரிந்தது, மூன்று பெற்றவளுக்குப் புரியாமல் என்ன. உன் அப்பாவுக்குப் புரிந்தது முட்டை என்ற ஒரு வார்த்தைதான். துளசி சாற்றிச் சேவித்தது கோழி முட்டையை என்று தெரிந்ததும், வடகலையாகவே இருந்திருக்கக்கூடாதா என்று சித்தப்பாவே அழுதார். முட்டை உடைக்கிறவன் படிப்பு முடிந்து தையில் வந்தாலும் இந்த வாசற்படி ஏறக்கூடாது என்று உன் அப்பா சொல்லிவிட்டார். மூன்று வருஷமாக அந்தத் தைக்காக நாள் எண்ணுகிறவள் நான், என்னை யாரும் கேட்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை அவர் யாரிடமும் சொல்லாமல் பாலம் தாண்டிப் பெரிய கடைவீதிக்குப் போய், முட்டை வியாபாரி ஷேக் தாவூதின் கடையில் நின்றிருக்கிறார். கோஷ்டியில் பிரபந்தம் சேவிக்கிற மனுஷர், முட்டைக் கடையில்! அடைக்கு வைத்த நாலாம் நாள் முட்டை ஒன்றைத் தாவூது பாய் விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினாராம். சிவப்பு நூல்களாம், நடுவில் ஒரு பொட்டு துடித்துக்கொண்டிருந்ததாம். "இது உசிரு உள்ளது சாமி, விக்க மாட்டேன், கோழிக்கிட்டயே வெச்சிடுவேன்" என்றாராம் பாய். நீ மட்டும் உடைத்துப் பார்க்கிறாய். திரும்பும்போது காவேரியில் வேஷ்டியோடு முழுகிவிட்டு ஈரத்தோடு வந்து நின்று இதையெல்லாம் சொன்னார். நேற்று சாப்பிடும்போது, "ஏண்டி, அவன் முட்டையை உடைச்சப்புறம் அந்தத் துடிப்பு உடனே நின்னுடுமா, கொஞ்ச நேரம் இருக்குமா?" என்றார். எனக்கெப்படித் தெரியும் என்றேன். அவனைத்தான் கேட்கணும் என்று சொல்லிவிட்டு மோருக்குக் கை நீட்டினார்.

எல்லாவற்றுக்கும் சிரித்த எனக்கு இதற்குச் சிரிப்பு வரவில்லை. நீ இதற்குக் கடிதத்தில் பதில் எழுதாதே. தையில் வந்து, இந்த வாசற்படி ஏறி, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்.

சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானத்தை விடாதே. தீர்க்காயுசாக நன்றாயிரு.

இப்படிக்கு,
உன் அம்மா வேதவதி