மிட்டாய் டப்பாவில் இருக்கும் தினார்

மாப்பிள்ளை,

இன்று காலை பீரோவின் மேல்தட்டிலிருந்து உன் மிட்டாய் டப்பாவை இறக்கினேன். மூடியைத் திறந்ததுமே அத்தர் வாசனை குப்பென்று அடித்தது. நீ போய் ஏழு மாதம் ஆகிறது, உன் அத்தர் மட்டும் இன்னும் போகவில்லை. நோட்டுக் கட்டுகளைச் சுற்றியிருந்த உன் பழைய துண்டை மடியில் வைத்துக்கொண்டு, பதினொரு மணி வீரசோழன் பஸ் வரும்வரை கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். அதில்தான் உன் மகள் வருவதாக இருந்தாள். "அத்தா ஒங்ககிட்ட குடுத்து வச்சத ஒரு தடவ பாத்துக்கிறேன் மாமா" என்று போனில் சொல்லியிருந்தாள்.

அவளிடம் என்ன சொல்வது? பேங்கு கவுண்ட்டரில் காலமெல்லாம் உட்கார்ந்து, கள்ள நோட்டைத் தொட்டமட்டில் கண்டுபிடித்தவன் நான். உன் நோட்டு கள்ள நோட்டாக இருந்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன். இது அசல் ஈராக் தினார். கையில் கதிர்க்கட்டோடு ஒரு பெண், பக்கத்தில் டிராக்டர், இருபத்தையாயிரம் என்ற பெரிய எண். எண்ணைப் பார்த்தால் மயக்கம் வரும். ஆனால் நம் ஒரு ரூபாய்க்கே பல தினார் வைக்க வேண்டும். அதையும் விற்க ஆள் இருக்கிறானே தவிர, திரும்ப வாங்க ஒருத்தன் இல்லை.

உன்னை முழு மடையன் என்று திட்டவும் எனக்கு வாய் வருவதில்லை. குவைத்தில் சண்டை வந்து நீ ஈராக் வழியாகத் தப்பி, அம்மானில் ஒரு கூடாரத்தில் கிடந்த கதையைத் திருச்சுழி டீக்கடையில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். கையிலிருந்த குவைத் தினாரை அன்றைக்கு யாரும் சீந்தவில்லை. நாலு வருஷச் சம்பாத்தியத்தை ஒரு கட்டு ரொட்டிக்கும் ரெண்டு பாட்டில் தண்ணீருக்கும் ஒரு கடைக்காரனிடம் கொடுத்துவிட்டு வந்தாய். சண்டை ஓய்ந்ததும் அந்தத் தினார் பழைய மதிப்புக்கே திரும்பிவிட்டது. "ஏலே, காகிதம்னு நெனச்சுக் குடுத்துட்டு வந்தேன்டா. அந்தப் பய இந்நேரம் மாடி கட்டிருப்பான்" என்பாய். சிரித்துக்கொண்டேதான் சொல்வாய். ஆனால் சொல்லும்போதெல்லாம் உன் டீ ஆறிப்போய்விடும்.

அதனால்தான் ஒருத்தன் வந்து, "குவைத் தினாரு ஏறலயா? ஈராக் தினாரும் அதே மாதிரி ஏறும்" என்றபோது ஊரே சிரித்தும் உனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ கண்ணால் பார்த்தவன் ஆயிற்றே. பரளச்சிப் பக்கம் நீ ஆசை ஆசையாக வாங்கிப்போட்ட கரிசல் காட்டை விற்றாய். ஒரு நாள் இந்த டப்பாவோடு என் வீட்டுக்கு வந்தாய்.

நான் கத்தினேன். "ஏலே, காட்ட வித்தா இந்தக் காகிதத்த வாங்குன? எந்தப் பேங்குலயும் இத மாத்த மாட்டாகடா. யாருகிட்ட வாங்குனேன்னு கேட்டா ஒன்னையத்தான் பிடிப்பாக!"

"நீ கவுண்ட்டருக்கு உள்ளயே உக்காந்து கெழவனாயிட்ட மாப்ள. வெளிய நின்னவனுக்குத்தான் அருமை தெரியும்" என்றாய். டப்பாவை என் கையில் வைத்தாய். "வீட்ல இருந்தா ஆளாளுக்கு வித்துரு வித்துரும்பாக. இது அமானிதம். ஒங்கிட்டயே இருக்கட்டும்."

நம்பி ஒப்படைத்த பொருளை உங்கள் மார்க்கத்தில் அமானிதம் என்பீர்கள். கொடுத்தவர் கேட்கும்வரை அதைத் தொடக்கூடாது. தூக்கி எறிய நினைத்த ஒன்றுக்கு என்னையே காவல் வைத்தாய், பாவி.

அதன் பிறகு உனக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு பண்டிகைதான். போனில் யாரோ பேசி அனுப்புவான், வருகிற வெள்ளி ஏறிவிடும் என்று. நீ அதை எனக்கு அனுப்புவாய். நான் பதிலுக்கு வைவேன்.

அப்புறம்தான் மதுரை டாக்டர் உன் நெஞ்சில் மூன்று அடைப்பு என்றார், உடனே ஆபரேஷன் செய்யச் சொன்னார். பெரியாஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டைக்கே செய்வார்கள் என்று நான் மன்றாடினேன். "சபுராளி போயி அங்க வரிசையில நிக்கவா?" என்றாய். வெளிநாடு போய்வந்தவனுக்கு உங்கள் ஊர் கொடுத்த அந்தப் பட்டத்தை நீ கடைசிவரை கழற்றவே இல்லை. என் பணத்தைத் தருகிறேன் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாய். "தினாரு ஏறட்டும் மாப்ள. ராசா மாதிரி போய்ப் படுக்குறேன்."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. என் டெபாசிட்டை உடைத்தேன். பணத்தை ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்கு வந்தேன். ரெண்டு தலையணையில் சாய்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாய். "மாப்ள, ஏறிருச்சுடா. நானே வெசாரிச்சுட்டேன். மெட்ராஸ்ல ஒரு ஆளு மாத்தித் தாரேங்குறான். ஆபரேசனுக்கு வேண்டியத மட்டும் வித்துருவோம்" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் அதுதான்.

உன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! "நீயா சொல்ற? நீயே சொல்றியா?" என்று ரெண்டு தடவை கேட்டாய். வீட்டிலிருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு, "கேட்டுக்கங்க, பேங்குக்காரனே ஒத்துக்கிட்டான்!" என்றாய். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"இப்பத்தான ஏற ஆரம்பிச்சிருக்கு. இப்பப் போயி விப்பாகளாடா? அம்மான்ல ஒரு தடவ அவசரப்பட்டுட்டேன். இன்னொரு தடவ மாட்டேன். ரெண்டு வெள்ளி பொறு மாப்ள."

மஞ்சப்பை என் மடியில் இருந்தது. பொய் சொன்னேன்டா என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், மாப்பிள்ளை, சத்தியமாகத் திறந்தேன். அந்தச் சிரிப்பைப் பிடுங்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிடுங்கினால் உன் நெஞ்சு தாங்குமா என்றும் பயம். பையோடு பஸ் ஏறி வந்துவிட்டேன். அடுத்த புதன்கிழமை நீ போய்விட்டாய். உன்னைக் கிடத்திச் சுமந்த சந்தூக்குக்கு நானும் தோள் கொடுத்தேன். கனமே இல்லை.

இன்று உன் மகள் வந்தாள். கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். உன் துண்டை முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். இவளிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று மனத்தைக் கல்லாக்கிக்கொண்டேன்.

"தாயி, இது ஏறாது. அன்னைக்கு அத்தாகிட்ட நான் சொன்னது பொய்."

அவள் சிரித்தாள், அச்சு அசல் உன் சிரிப்பு. "அத்தா சொல்லிட்டுத்தான் போனாக மாமா. மாமன் பயந்த ஆளு, திரும்பவும் ஏறாதும்பாரு, நம்பிறாதீகன்னு."

மஞ்சப்பையை எடுத்து நீட்டினேன். இதையாவது வைத்துக்கொள் என்றேன். அவள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அட்வான்ஸா மாமா? அப்ப யாரோ நல்ல வெல கேட்டுட்டாக போல! வேணாம், அவசரப்பட்டு குடுத்துறாதீக." பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு ஒன்று சொன்னாள். "எங்க வீட்டுக்காரரும் என் நகைய வித்துக் கொஞ்சம் வாங்கப் போறாக. நீங்களே ஏறுதுன்னு சொன்னீகன்னதும்தான் அவுகளுக்கு நம்பிக்கையே வந்துச்சு."

எவ்வளவோ சொன்னேன், மாப்பிள்ளை. மருமகனுக்குப் போன் போட்டுக் கத்தினேன், கெஞ்சினேன். "நீங்க பெரியவுக, ஒங்க மாமன் மச்சான் சண்டைய எங்ககிட்ட காட்டாதீக" என்று மரியாதையாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். உன் மகள் டப்பாவை மூடி என் கையில் கொடுத்தாள். "பத்திரமா வைங்க மாமா, வாரேன்" என்று ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனாள்.

டப்பாவைத் திரும்பவும் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். உன்னை எந்தப் போனில் வைதேனோ, அதே போனில் இப்போது தினமும் எழுந்ததும் நான்தான் விலை பார்க்கிறேன். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. அவள் போனபிறகு இன்னொரு தடவையும் பார்த்தேன்.

ஏறவில்லை, மாப்பிள்ளை. அந்தப் பாழாய்ப்போன தினார் ஒரே ஒரு தடவை ஏறித் தொலையக்கூடாதா?