சாந்தியின் கையில் பட்டது

1996 ஒக்டோபர் 12, சனி

வேகத்துக்குப் பேர்போன என் பழைய மஸில் காருக்கான பெரிய என்ஜினில் இன்று பிஸ்டன்களை வழமையைவிடக் கூடிய தூரம் மேலும் கீழும் ஓட்டும் நீள வீச்சுள்ள கிராங்க் தண்டையும் எட்டு பிஸ்டன்களையும் பூட்டி முடித்தேன். என் மனைவி சாந்தி ஸ்பானரால் கிராங்கை மெல்லச் சுற்ற, நான் கீழே டோர்ச் அடித்துப் பார்த்தேன்.

"இந்த இடத்தில ஏதோ தட்டுது," என்றாள்.

"பிஸ்டனில போட்ட புது ரிங்கின்ர இறுக்கம். உமக்கு உது விளங்காது," என்றேன்.

அவள் ஸ்பானரை வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

பிறகு நானே சுற்றிப் பார்த்தேன். ஒரு பிஸ்டன் தண்டின் போல்ட் என்ஜின் பிளொக்கின் விளிம்பில் உரசிக் கோடு போட்டிருந்தது. அப்படியே ஸ்டார்ட் பண்ணியிருந்தால் இரண்டு வருட உழைப்பும் உடைந்து போயிருக்கும்.

சாப்பிடும்போது சொன்னேன். "நீர் சொன்னது சரி. போல்ட் முட்டுது."

"ஓம், தெரியும். பிளொக்கின்ர விளிம்பைக் கனக்க அராவ வேணுமோ?"

"கொஞ்சம்தான். ஆனா எல்லாத்தையும் திருப்பிக் கழட்ட வேணும்."

"கழட்டுவம். நாளைக்கு நீங்கள் சுத்துங்கோ, நான் பாக்கிறன்."

சரி என்றேன். விளங்காது என்று சொன்னதற்கு மட்டும் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் தூங்கிவிட்டாள்.