தடியனோட மூக்கு

அன்புள்ள மகனுக்கு,

நீ அங்க சுகமா இருப்பே, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. இங்க நானும் அப்பாவும் ஏதோ இருக்கோம். உன் நாய்தான் நல்லா இல்ல. ஆமா, உன் நாய். ஆறு மாசத்துல வந்து கூட்டிட்டுப் போறேன்னு எங்க தலையில கட்டிட்டுப் போனியே, நாலு வருஷமாச்சு, அந்தத் தடியனேதான்.

தும்முதுடான்னு சொன்னப்ப அலர்ஜின்னே. இடது மூக்குல மட்டும் ரத்தம் வருதுன்னா, எங்கயாவது முட்டியிருக்கும், சும்மா டென்ஷன் ஆகாதம்மான்னே. படிச்ச பிள்ளை சொல்றானேன்னு நீ சொன்ன மாத்திரையையே குடுத்தேன், பத்து நாள் நின்னுச்சு, திரும்ப வந்துச்சு. போன வாரம் கண்ணுக்குக் கீழ வீங்கி, மூக்குல மூச்சு விட முடியாம வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்தபடியே தூங்குது. அப்பா கார்ல தூக்கிட்டு ஓடினார். டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துட்டு, மூக்குக்குள்ள புற்றுநோய், எலும்பையே அரிச்சிருக்கு, ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா கதிர் சிகிச்சை குடுத்துக் கொஞ்ச காலம் நல்லா வச்சிருந்திருக்கலாம்னாங்க. இப்ப வலி மருந்தும் கேக்கல. ஊசி போட்டு ஒரேயடியாத் தூங்க வச்சிடலாம், அதுக்கு அதுதான் விடுதலைங்கறாங்க. நீ என்னடான்னா, நான் வர்ற வரைக்கும் யாரும் கைவைக்கக் கூடாதுன்னு அப்பாவை போன்ல அதிகாரம் பண்றே. எப்ப வருவேன்னு கேட்டா லீவு பாக்கணுமாம். அதுவரைக்கும் அதுக்கு மூச்சு யார் விடுறது, நீயா?

இன்னொண்ணு இருக்கு, சொன்னா என்மேல பாய்வே, பாய்ஞ்சுக்கோ. வீடியோவில நீ கூப்பிடுறப்பல்லாம் அது பளிச்சுன்னு உக்காந்திருக்கும்ல. போன் அடிச்சதும் ஈரத்துணியால அது மூக்கைத் துடைச்சு, கறை பட்ட விரிப்பை மாத்தி, வலது பக்கம் தெரியுற மாதிரி உக்கார வச்சது நான்தான். தூரத்துல இருக்கிற பிள்ளை பதறக் கூடாதேன்னு. வாயால சொன்னேன், கண்ணுல காட்டாம மறைச்சேன். நல்லாத்தானேம்மா இருக்குன்னு நீ சிரிக்கிறப்பவும் துணியை ஒளிச்சு வச்சுக்கிட்டு நின்னேன். உன்மேல இருக்கிற ஆத்திரம் என்மேலயும் இருக்கு. அதுக்காக உன்னை விட்டுட மாட்டேன்.

போன்ல சொன்னா நடுவுல பேசி என் வாயை அடைச்சிடுவே, அதான் எழுதி, இதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி அப்பாகிட்ட குடுத்திருக்கேன். வியாழக்கிழமை பத்து மணிக்கு டாக்டரம்மா வீட்டுக்கே வராங்க. நான்தான் வரச் சொன்னேன், உன்கிட்ட அனுமதி கேக்கல. வர முடிஞ்சா வா. இல்லன்னா ஒன்பதரைக்கு வீடியோவில கூப்பிடு, உன் குரல் கேட்டா இப்பவும் வாலை ஆட்டுது.

வேளைக்குச் சாப்பிடு. நோய்நொடி இல்லாம நல்லா இரு, கோபத்துலயும் அதை மனசாரத்தான் சொல்றேன். ஒன்பதரை, மறந்துடாதே. இந்தத் தடவை நான் துடைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா