காய்ந்த பிறகு பார்த்தது

மார்ச் 7

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம். வழியில் உங்களுக்குச் சளி கூடவில்லையே?

கிளம்பிய அன்று வாசலில் நின்று நீங்கள் கேட்டது இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. "அந்த வேலைய விட்டுட்டு வந்து இங்க என்ன பண்ணச் சொல்ற?" என்றீர்கள். ஐந்து வருஷக் கல்யாணத்தில் மூன்று வருஷமாக மலையைக் குடைந்துகொண்டிருப்பவரிடம் பேசி ஜெயிக்க முடியுமா? பையை எடுத்து உங்கள் கையில் கொடுத்தேன்.

இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. மூன்று நாளாக உடம்பு ஒரு மாதிரி. பட்டறையில் சாய வாடையிலேயே ஊறிய மூக்கு எனக்கு, அதற்கே குமட்டுகிறது. மத்தியானம் மேசையில் தூங்கி வழிகிறேன். நாள் வர இன்னும் ஐந்து நாள் இருக்கிறது, ஆனாலும் இருப்புக் கொள்ளவில்லை. நேற்று வேலை முடிந்து வரும் வழியில் மருந்துக் கடையில் கர்ப்பம் பார்க்கும் பட்டை வாங்கி வந்தேன். இன்று காலை பார்த்தால் இரண்டு கோடு. இரண்டாவது மெலிசுதான், ஆனால் இருக்கிறது. நாளெல்லாம் துணிக்குத் துணி நிறம் ஒப்பிட்டு மாரடிக்கிற கண் இது, தப்பாது.

பதினெட்டாம் தேதிக்குள் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்றீர்களே, போடாதீர்கள். வந்துவிடுங்கள். போன் எட்டாத இடத்தில் வேலைக்குப் போனவரைக் கட்டிக்கொண்டு, இதைக்கூட லாரியில் கொடுத்தனுப்ப வேண்டியிருக்கிறது.

உங்கள்
சிடுமூஞ்சி


மார்ச் 10

என் அருமைச் சிடுமூஞ்சிக்கு,

கடிதத்தைச் சாப்பாட்டுத் தட்டோடு நின்றபடியே படித்தேன். படித்ததும் நான் போட்ட சத்தத்தில், சுரங்கத்துக்குள் பாறை சரிந்துவிட்டதென்று மேஸ்திரி ஓடி வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் இரண்டு திட்டு திட்டிவிட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மேலாளரிடம் போய் மறுபடி கையெழுத்துப் போடுகிறவர்கள் பட்டியலில் என் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாதக் கடைசியில் கிளம்பி வருகிறேன். பையனோ பெண்ணோ, மூக்கு மட்டும் என்னுடையது வேண்டாம். நீ கனமாக எதையும் தூக்காதே. படியில் தாவி இறங்காதே. பிள்ளை பிறப்பதற்குள் சமையலறை ஒழுகலைச் சரிபண்ணிவிட வேண்டும், ஈரம் பிள்ளைக்கு ஆகாது. இனி நான் அப்பன்! இந்தப் பெருமையில் எனக்குப் பாறை குடையும் துரப்பணம்கூடக் கனக்கவில்லை.

அன்புடன்,
பிள்ளையின் அப்பா


மார்ச் 13

அன்புள்ளவருக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்துவிட்டு எழுதுகிறேன். நான் ஒரு முட்டாள்தனம் செய்திருக்கிறேன்.

அந்தப் பட்டையை ஐந்து நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டுமாம். நேரம் தாண்டினால், ஈரம் காய்ந்து தானாகவே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழுந்துவிடுமாம். அது கணக்கே இல்லையாம். கூடவே இருந்த தாளில் தெளிவாகப் போட்டிருக்கிறது, நான்தான் பிரித்துப் படிக்கவில்லை. எங்கள் பட்டறையில் ஈரத் துணியில் நிறம் பார்த்தால் மேற்பார்வையாளர் அம்மா கையைத் தட்டிவிடுவார். இரவெல்லாம் காயவைத்துக் காலை வெளிச்சத்தில்தான் பார்ப்போம். பன்னிரண்டு வருஷமாக இதுதான் பழக்கம். பட்டையையும் அப்படியே சன்னலோரம் காயவைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

நேற்று மருந்துக் கடையில் போய்ச் சொன்னேன், அங்கிருக்கும் பெண் சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள். "நாள் தள்ளறதுக்கு முன்னாடியே பார்த்தா சரியா காட்டாதுக்கா. ஒரு வாரம் பொறுங்க. காலையில எழுந்ததும் முதல்ல போற சிறுநீர்ல பாருங்க" என்றாள். நான் எங்கே பொறுத்தேன்? இன்று காலையே இன்னொன்று வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். ஒரே கோடு. நாள் நேற்றே வந்திருக்க வேண்டும், வரவில்லை. இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அடுத்த வாரம்தான் தெரியும்.

நீங்கள் வந்து சேரும்வரை சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்த எண்ணமும் வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் ஏமாற்றி வரவழைத்து உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

பிள்ளை இல்லாவிட்டாலும் வருவீர்கள்தானே? எனக்காக வாருங்கள் என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. கேட்டுவிட்டேன்.

உங்கள்
சிடுமூஞ்சி


மார்ச் 17

அன்புள்ள சிடுமூஞ்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மனசு விட்டுப்போயிற்று, ஆனால் உன்மேல் கோபமில்லை. மேஸ்திரியிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

நாளைக்குப் பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போகிறது. மேலாளர் கூப்பிட்டு, "இப்ப விட்டா இந்த இடம் திரும்பக் கிடைக்காது, யோசிச்சுக்கோ" என்றார். யோசித்துப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டே வருஷம்தான், கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். பிள்ளைக்கு இப்போது என்ன அவசரம், அடுத்த விடுப்பில் பார்த்துக்கொள்ளலாம். உனக்காக வரவில்லை என்று மட்டும் நினைக்காதே. உனக்காகத்தானே இந்தப் புழுதியில் கிடக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
உன் வீட்டுக்காரன்


மார்ச் 22

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. ஒரு முறைதான் படித்தேன்.

முந்தாநாள் காலை மருந்துக் கடைப் பெண் சொன்னபடியே செய்தேன். மூன்று நிமிடத்திலேயே இரண்டாவது கோடு வந்துவிட்டது. முதல் கோட்டைப் போலவே அடர்த்தியாக, வெளிச்சம் தேட வேண்டிய அவசியமே இல்லாமல். மருத்துவமனையில் இரத்தமும் கொடுத்தேன். உறுதிதான். "வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார். சொல்லத்தான் போகிறேன் என்றேன். அன்றே உட்கார்ந்து, எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்று கேட்டு எழுத ஆரம்பித்தேன். அது பாதியில் இருக்கும்போதுதான் உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

பட்டியல் போகும் நாள் உங்கள் கையில் இல்லை, எனக்குத் தெரியும். உங்களைக் கெட்டவர் என்று நினைக்கவும் இல்லை. ஆனால் வெட்கத்தை விட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தேன். பிள்ளை உண்டு என்றதும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வரத் தயாராக இருந்தீர்கள். இல்லாமல் போகலாம் என்றதும் ஒரு வாரம் பொறுக்க முடியவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. நன்றாக அழுதேன். பிறகு வேலைக்குப் போனேன்.

பிள்ளைக்கு அப்பா நீங்கள்தான், அதை மறைக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். இதைப் பார்த்ததும் மறுபடி மேலாளரிடம் ஓடுவீர்கள். வேண்டாம். போட்ட கையெழுத்து அப்படியே இருக்கட்டும்.

நவம்பர் இருபது வாக்கில் பிறக்கும் என்கிறார் டாக்டர். அப்போது வந்தால் பிள்ளையைப் பார்க்கலாம், தூக்கிக் கொஞ்சலாம், தடுக்க மாட்டேன். எனக்காக வரச் சொல்லி இனி எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி